குதிரைப் படத்தின் முடிவு

டிவியின் பிளக்கைப் பிடுங்கிவிடலாமா என்று அவள் கை சுவர் வரைக்கும் போய்விட்டது. ஆனால் அதே பலகையில்தான் ஆக்சிஜன் மெஷினின் பிளக்கும் செருகியிருந்தது. எது எது என்று அவள் வயரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கட்டிலிலிருந்து கணவரின் குரல் வந்தது.

“அங்க என்ன பண்றே? வந்து உக்காரு. லாரி கிளம்பப் போகுது.”

மாஸ்க்குக்குள்ளிருந்து வந்தாலும் உற்சாகமான குரல்தான். காலையில் வந்த நர்ஸ், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “இன்னைக்கோ நாளைக்கோங்க. பக்கத்துலயே இருங்க” என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவருக்கும் அது தெரியும். தெரிந்துதான் மகளைக் கூப்பிட்டு, “அந்தக் குதிரைப் படத்தைப் போடு” என்றார்.

அவர் பேக்கரியில் அடுப்பு பார்த்தவர். முப்பத்தைந்து வருஷம் விடியற்காலை மூன்றரைக்கு எழுந்த உடம்பு. சினிமா என்றால் உயிர். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படம் போட்டால் பாதியில் தலை சாய்ந்துவிடும். முடிவு பார்த்த படம் என்று ஒன்றுகூடக் கிடையாது. சாயங்காலம் கண்ணைத் திறந்ததும் முதல் கேள்வி, “அப்புறம் என்ன ஆச்சு?” மனைவிதான் சொல்லுவாள். ஒரு டம்ளர் டீயோடு அதைக் கேட்டு முடித்தால்தான் அவருக்குப் படம் பார்த்த மாதிரி.

அவளுக்குப் படத்தில் அவ்வளவு ருசி இல்லை. ஆஸ்பத்திரிச் சீருடைகளை அளவு மாற்றித் தைக்கிற வேலை. கை தையலில் ஓட, காதில் ஒலிப்புத்தகம் ஓடும். “முகத்தையும் சினிமாக்காரனே காட்டிட்டா நமக்கு என்ன வேலை?” என்பாள். மகள் இரண்டு பேரையுமே கணக்கில் சேர்க்கமாட்டாள். தாளில் அச்சடித்திருந்தால்தான் அவளுக்கு அது கதை. அதிலும் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் முதல் பக்கத்துக்கு வருவாள். கோர்ட்டில் தட்டச்சு வேலை. சாட்சி சொன்னதைச் சொன்னபடி அடித்துப் பழகிய விரல்கள்.

படத்தில் ஒரு லாரிக்காரன், கிழட்டுப் பந்தயக் குதிரை ஒன்றை ஏற்றிக்கொண்டு, அதை ஒரு காலத்தில் ஓட்டிய மனிதனிடம் சேர்ப்பதற்காகக் கிளம்புகிறான். நாட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்பு பார்த்தபோது அவர் பாலைவனத்தில் தூங்கிப்போனார்.

இன்றைக்குத் தூங்கவில்லை. மூச்சுக்காக ஏற்றிய மருந்து தூக்கத்தை எங்கோ துரத்தியிருந்தது. லாரி பாலைவனத்தைத் தாண்டியது. இனி எல்லாமே அவர் பார்க்காத இடம்.

அவள் மகளைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

“நிறுத்திடுடி. நெட் போயிடுச்சுன்னு சொல்லு.”

“ஏம்மா? எவ்ளோ ஆசையா பாத்துட்டிருக்காரு!”

“நான் அவருக்குச் சொன்ன முடிவு வேற.”

“வேறன்னா?”

“படத்துல அவன் போய்ச் சேர்றப்போ அந்த மனுஷன் செத்துப்போயிருப்பான். லாரிக்காரன் குதிரையை வித்துட்டு வெறும் லாரியோட திரும்புவான். அப்போ பேக்கரியை மூடப் போறாங்கன்னு பேச்சு. உங்கப்பா முழிச்சுக்கிட்டு என் முகத்தைப் பாத்தாரு. எனக்கு வாய் வரல. கிழவன் உயிரோட இருந்தான், மழையில குதிரை மேல ஏறிப் போனான்னு சொல்லிட்டேன்.”

மகள் குரலைத் தாழ்த்தினாள்.

“இது ஒண்ணுதானா?”

“நல்லபடியா முடிஞ்ச படத்துல நான் கை வைக்கல.”

“அம்மா!”

“போற நேரத்துல அவர் மனசு விட்டுப்போயிடும்டி.”

“போற நேரத்துல ஏமாத்துறது அதைவிட மோசம்மா. வாழ்நாள்ல ஒரு படத்தை முழுசா பாக்கறாரு. பாக்கட்டும்.”

இரண்டு பேரும் போய்க் கட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்தார்கள். அவள் டிவியைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தாள். திரையில் ஒரு பெண் கதவைத் திறந்து இல்லை என்று தலையாட்டினாள். சந்தையில் யாரோ ஒருவன் குதிரையின் கயிற்றை வாங்கிக்கொண்டான். காலி லாரி சாலையில் சிறுத்துக்கொண்டே போனது. பெயர்கள் மேலே ஏறி முடியும்வரை அவர் கண்ணெடுக்கவில்லை.

“மழை எங்கே?”

“மழை இல்லீங்க.”

“கிழவன்?”

“அவனும் இல்ல. நான்தான்…”

அவர் அவளையே பார்த்தார். தோள் குலுங்கியது. இருமல் என்று நினைத்து அவள் பதறி எழுந்தாள். இருமல் இல்லை. மாஸ்க் முழுக்க ஆவி படிய அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“அடிப்பாவி! கேக்குக்கு க்ரீம் போடறவன் தலைதலையா அடிச்சுக்கிட்டான், குதிரையை வித்துடுவான்னு. அதுக்காக ரெண்டு மாசம் அவன்கூடப் பேச்சு இல்ல. ‘நீ பாதியில தூங்கியிருப்பே’ன்னு அவனைச் சொன்னேன். நான்!”

முதலில் வெடித்துச் சிரித்தது மகள்தான். அப்புறம் அவளும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

மூச்சு நிதானத்துக்கு வந்ததும் அவர் சொன்னார். “லாரிக்காரன் நல்லா பண்ணியிருக்கான். அழாம ஓட்டிட்டுப் போறானே, அது நடிப்பு. ஆனா எடுத்தவனுக்குத் தைரியம் பத்தல. உன்னுதுதான் சரி.” கொஞ்சம் நிறுத்தி, “வேற எதெது?” என்றார்.

அவள் தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். கப்பலில் பிரிந்துபோன புருஷன் பெண்டாட்டி. குத்துச்சண்டைக்காரன். பார்வை போன வாத்தியார். ஒவ்வொன்றுக்கும் அவர், “அதுவும் நீயா?” என்று கேட்டு ஒரு விரலை மடக்கினார். விரல் போதாமல் மகளின் கையையும் இழுத்து வைத்துக்கொண்டார். பதினாலு.

“பதினாலு படம்,” என்றார் மகளிடம், யாருக்கோ அறிமுகப்படுத்துகிற மாதிரி. “என் வீட்டுக்குள்ளயே ஒருத்தி பதினாலு படம் எடுத்திருக்கா. நான் தூங்கியிருக்கேன்.”

அவளுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. இத்தனை வருஷமாகப் பொய் என்று நினைத்து உள்ளே வைத்திருந்ததற்கு, ஒருவர் இப்படி ஒரு பெயர் வைப்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

“டிவியை நிறுத்து. நீ சொல்லு. முதல்லேர்ந்து.”

அவள் கட்டில் மேலேயே ஏறி உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். லாரியைக் கிளப்பினாள். கியர் மாற்றினாள். குதிரை கனைத்தது. மகள் மடியிலிருந்த புத்தகத்தை மூடிக் கீழே வைத்தாள். பாலைவனத்தில் அவள் ஒரு கணம் நிறுத்தி அவர் முகத்தைப் பார்த்தாள். கண் திறந்தே இருந்தது. கதவு திறந்தது, கிழவனே வந்து நின்றான், மழை பிடித்துக்கொண்டது.

“ஏறிட்டானா?”

“ஏறிட்டான்.”

“அந்த வயசுல கால் எப்படி எட்டுச்சு?”

இதை அவள் யோசித்ததே இல்லை. “லாரிக்காரன் தூக்கி விட்டான்.”

“அதானே.” அவர் கண்ணை மூடிக்கொண்டார். “விடு. வேகமா போகட்டும்.”

அவள் வேகமாகவே விட்டாள். தொடையில் தட்டித் தட்டிக் குளம்புச் சத்தம் கொடுத்தாள். தெருவில் சனங்கள் வாசலுக்கு ஓடி வந்தார்கள். சந்தைக்காரர்கள் கூடையை நகர்த்தி வழி விட்டார்கள். சந்தை தாண்டுகிற இடத்தில் அவர் விரல்கள் அவள் கைக்குள் தளர்ந்தன. மகள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அம்மாவுக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் குரல் இறங்கவில்லை. பாலத்தைத் தாண்டி, மேட்டில் ஏறி, உச்சியில் கொண்டுபோய்க் குதிரையை நிறுத்தி, கிழவன் அங்கிருந்து கீழே ஊர் முழுவதையும் பார்க்கிறவரை சொல்லி முடித்தாள்.

மகள் எழுந்து போய் மெஷினை அணைத்தாள்.

அம்மாவுக்குத் தொண்டை வறண்டிருந்தது. எட்டி, அவர் டம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தாள்.