விருந்தறையில் மணல்மேடு

அரபு நாட்டின் கஸீம் பாலைவன ஓரத்தில் விறகு விற்கும் முத்லக்கின் வீட்டுக்கு, குளிர்காலத்தின் முதல் வாரம், ஒரு மணல்மேடு விருந்துக்கு வந்தது. கதவு சாத்தியிருந்தது. வாசற்படியில் ஒரு மணல்துகள்கூட இல்லை. விருந்தறையில் அடுப்புக்கு வலப்பக்கம், மரியாதைக்குரியவர் உட்காரும் இடத்தில், உட்கார்ந்த ஆளின் உயரத்துக்கு அது இருந்தது.

வந்தவரிடம் மூன்று நாள் வந்த காரியம் கேட்பதில்லை என்பது அங்கே வழக்கம். முத்லக் காப்பி காய்ச்சினான். அடுப்பில் கழா மரத்தின் வேர்க்கட்டையைப் போட்டான். புகையில்லாமல் நெடுநேரம் கனலும் அந்தக் கட்டையைத்தான் மதிப்புள்ள விருந்தாளிக்கு மூட்டுவார்கள். அதற்காகவே பதினெட்டு வருடமாகச் சங்கிலி கட்டி லாரியால் இழுத்து, ஊரைச் சுற்றியிருந்த கழாவையெல்லாம் வேரோடு பிடுங்கியிருந்தான். மேட்டின் முன் வைத்த கிண்ணம் காலியானது. உட்புறம் உலர்ந்திருந்தது.

இரண்டாம் நாள் மேடு ஜன்னலை எட்டியது. எதிர்வீட்டு ஸுவைலிம் வந்து பார்த்தான். "உன் விருந்தாளி ஒரு பேரீச்சம்பழம்கூடத் தொடல, ஆனா பெருத்துக்கிட்டே போறாரே," என்றான். மூன்றாம் நாள் அது நடைவழியைக் கடந்து, பிள்ளைகள் படுக்கும் அறையின் கதவில் சாய்ந்து நின்றது. காது வைத்தால் உள்ளே வேர் அறுபடும் சத்தம். முத்லக்கின் மனைவி துர்ஃபா பிள்ளைகள் ஐந்து பேரையும் சமையலறைக்கு மாற்றிவிட்டு வந்தாள். மூத்தவன் மிஷாலின் அப்பா என்ற பொருளில், அபூ மிஷால் என்றுதான் அவள் கணவனைக் கூப்பிடுவாள்.

"அபூ மிஷால், நீங்க கட்டை போடப் போடத்தான் அது வளருது. இன்னைக்கே கேளுங்க."

"மூணு நாள் முடியட்டும். எங்கப்பா எந்த விருந்தாளிகிட்டயும் முந்திக் கேட்டதில்ல."

"உங்கப்பா காலத்துல மணல் வீட்டுக்குள்ள வந்ததில்ல. வெளியிலயே பிடிச்சு வைக்க கழா இருந்துச்சு."

நான்காம் நாள் காலை கேட்டான். மேடு மெல்லத் தாழ்ந்து அறை முழுக்கப் பரந்தது. பிறகு அதில் குழிகள் விழுந்தன. அவன் பிடுங்கிய மரங்கள் விட்டுப்போன குழிகள், சங்கிலி இழுத்த பக்கம் சரிந்தவை. ஒவ்வொன்றும் எந்த மரம் என்று அவனுக்குத் தெரிந்தது.

கழா விதைக்குச் சில மாதமே உயிர். அந்த வாரமே துர்ஃபா தொலைவில் மிஞ்சியிருந்த மரங்களுக்குப் போய், சிறகு வைத்த விதைகளைப் பொறுக்கி வந்து குழிகளில் தூவினாள். மழை இறங்குவதற்காக முத்லக் தன் கையாலேயே கூரையைப் பிரித்தான். மூன்றாம் வருடம் செடிகள் இடுப்பளவு வந்தன. மணல் அதற்குப் பிறகு ஒரு விரல்கூட நகரவில்லை. அடுத்த மழைக்கு, அவற்றின் அடியில் முளைத்த கன்றுகளை ஊர் எல்லைக்குக் கொண்டுபோனார்கள். விருந்துக் காப்பி இப்போது காஸ் அடுப்பில்தான். யாரும் குறைத்துப் பேசுவதில்லை.

குடிக்கணக்கெடுக்க வந்த அலுவலர் வீட்டில் எத்தனை பேர் என்றார். ஏழு என்றான் முத்லக். அவர் விருந்தறைக்குள் பார்த்தார், செருப்பைக் கழற்றினார், எட்டு என்று எழுதினார். துர்ஃபா திருத்தச் சொல்லவில்லை.