தபாலாபீசில் ஒரு பித்தளைக் குடம்

"மூணு கார்டு, ஒரு கவரு" என்று ஜன்னலுக்கு வெளியே நின்ற பெரியவர் என்னிடம் சில்லறையை நீட்டினார். கம்பி வலை போட்ட ஜன்னல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் தலைக்கு மேலே குடமும் அண்டாவும் தூக்குவாளியுமாகத் தொங்கிக்கொண்டிருந்ததே, அதெல்லாம் மனிதர் கண்ணில் படவில்லையா? தபாலாபீஸ் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது, இது இப்போது பாத்திரக்கடை என்றேன். "அப்டீங்களா சார்" என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த 'சார்'தான் எனக்கு இடித்தது. பாத்திரக்கடைக்காரனை யார் சார் என்பார்கள்?

ராயபுரம் பழைய தபாலாபீசைக் கட்டடத்துக்காரர் சுப்புராயன் குறுக்கே பலகை அடித்துக் கடைகளாக்கி வாடகைக்கு விட்டிருந்தார். தந்தி அறையில் கடிகாரக் கடை. தபால் பிரித்த கூடத்தில் செருப்புக் கடை. தெருவில் போகிறவர்களெல்லாம் புது வெள்ளையடித்த சுவரையும் பெயர்ப்பலகைகளையும் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். ஸ்டாம்பு விற்ற முன்கூடம் எங்களுக்கு. எங்களுக்கு என்பது பேச்சுக்குத்தான். கடை முழுக்க என் மனைவி ஜெயக்கொடியின் பிடிவாதம். "ஹார்பர்ல வேலை, ரயில்வேல வேலைன்னு கை நிறைய சம்பளம் வாங்குதாவ. ஒரு நல்ல குடம் வாங்கணும்னா பொம்பளையள் டிராம் ஏறி டவுனுக்குப் போணுமா?" என்று ஒரு வருஷமாக என்னை அரித்தெடுத்துவிட்டாள். கடை திறந்த அன்று அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கல்யாணத்தன்று கூட அப்படி இல்லை, சத்தியமாக.

ஆனால் முன்பணம் போட்டது என் அண்ணன் ஆசீர்வாதம். மளிகை மண்டி வைத்திருப்பவர். "எலே தேவப்பிரியம், சனிக்கிழமை வரைக்கும் பாக்கேன். யாவாரம் ஆவலைன்னா வத்தல் மூடையக் கொண்டாந்து அடுக்கிருவேன். பொம்பளை வீட்டப் பாக்கட்டும்" என்றார். பக்கத்தில் நின்ற ஜெயக்கொடியைப் பார்த்து அவர் சொல்லவில்லை. அவளும் ஒரே சொம்பைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பெண்கள் வராமல் இல்லை. வந்தார்கள். வந்து வரிசையாக நின்றார்கள்! குரலைத் தாழ்த்தி விலை கேட்டார்கள். சொன்னதும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்கள். ஒருத்தி கூட ஒரு சொம்பைத் தட்டிப் பார்க்கவில்லை, குறைத்துக் கேட்கவில்லை, என்னைத் திட்டவில்லை. மாதா கோயில் மாதிரி இருந்தது கடை. பேரச் சத்தம் இல்லாத கடையில் உட்கார்ந்திருப்பதைப் போல ஒரு தண்டனை உலகத்தில் கிடையாது.

காசிமேட்டில் மீன் விற்கும் சொக்கம்மாள் மட்டும் தினம் வந்தாள். மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். ஜன்னலுக்கு நேரே இருந்த பெரிய பித்தளைக் குடத்தைக் கண் கொட்டாமல் பார்ப்பாள், விலை கேட்பாள், "பன்னிரண்டு ரூபாய்" என்று நான் சொன்னதும் பெருமூச்சு விட்டுப் போய்விடுவாள். வெள்ளிக்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, கொறச்சுக் கேக்கலாம்லா?" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னா நைனா, ஆழம் பாக்குறியா? ஸ்டாம்பு ஓரணான்னா ஓரணாதான். கவருமெண்டாண்ட போயி அரையணாக்கு குடுன்னு கேக்க முடியுமா? கேட்டா போலீஸ்ல புடிச்சிக் குடுப்பியே!"

இது கவர்மெண்டு இல்லை என்று தலையில் அடித்துச் சொன்னேன். "ஆங், ஆங்" என்று நம்பாமலே போய்விட்டாள். ஜெயக்கொடி உள்ளே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை விடிந்தது. கூடையும் கையுமாகச் சொக்கம்மாள் தெருமுனையில் வருவது தெரிந்ததும் ஜெயக்கொடி, "எந்திரிங்க" என்று என்னை நகர்த்திவிட்டு ஜன்னலில் உட்கார்ந்தாள்.

"அந்தக் கொடம் இன்னா வெல?"

"நாப்பது ரூவா."

இருந்த ஒரே ஆளையும் விரட்டுகிறாளே! "ஏட்டி..." என்று ஆரம்பித்தேன். காலால் என் காலை மிதித்தாள்.

சொக்கம்மாள் கூடையைத் தரையில் வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"இன்னாது? நாப்பதா? நேத்து உன் வூட்டுக்காரு பன்னெண்டுன்னாரு, ராவுல அதுக்கு றெக்க மொளச்சிச்சா? ஏய், எல்லாரும் வந்து பாருங்கடி! கவருமெண்டு கட்டடத்துல குந்திகினு கொள்ள அடிக்கிறா!"

அந்தக் கூடம் அப்படி ஒரு குரலை அதுவரை கேட்டதே இல்லை. சுவரெல்லாம் அதிர்ந்தது. தந்தி அறையிலிருந்து கடிகாரக்காரர் ஓடி வந்தார்.

"கொள்ளைன்னா விடுங்கக்கா. கும்பகோணத்துச் சரக்கு. கனத்தைத் தூக்கிப் பாத்தியளா?"

"இன்னா பெரிய கும்மோணம்! ஏழு ரூவா தரேன், குடு."

"ஏழு ரூவாய்க்கு மூடி கூட வராது."

"மூடிய உன் வாய்க்குப் போட்டுக்க!"

ஜெயக்கொடி சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பு! வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பெண்களும் சிரித்தார்கள். ஒருத்தி உள்ளே வந்து அண்டாவை விரல் முட்டியால் தட்டினாள். இன்னொருத்தி, "இந்தச் சொம்பு ஏன் கோணலா கீது?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள். கோணல் இல்லை என்று நானும் கத்தினேன். வரிசை போன இடம் தெரியவில்லை. வத்தல் மூட்டை ஏற்றிய கைவண்டியோடு வந்த அண்ணன் வாசற்படியில் மாட்டிக்கொண்டார். "எலே, வழி விடச் சொல்லுலே" என்று அவர் கூப்பிடுவது வாயசைவில்தான் தெரிந்தது. முன்னால் நின்ற ஒரு கிழவி திரும்பி, "எல்லாரும் நிக்கிறோமில்ல, நீயும் நில்லு" என்று அவரைத் தள்ளிவிட்டாள்.

அதற்குள் சொக்கம்மாள் கவுண்டர் பலகையைத் தூக்கினாள். தபால்காரர்களையும் எங்களையும் தவிர ஒருவரும் கால் வைக்காத இடம். இந்தப் பக்கம் வந்து, என்னை ஒரு கையால் ஒதுக்கி, பெரிய குடத்தை இறக்கினாள். வெளிச்சத்துக்கு எதிரே உயர்த்தி, ஓட்டை இருக்கிறதா என்று அதன் வாய்க்குள் முகத்தை முழுசாக நுழைத்தாள்.

"பன்னெண்டு, கடைசி விலை" என்றாள் ஜெயக்கொடி.

"பத்து!" என்று முழங்கியது குடம்.