மூன்று நாள் மரத்தூள்

செவ்வாய்க்கிழமை காலை கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அமிர்தநாயகம் நெஞ்சைப் பிடித்தபடி அப்படியே சாய்ந்து உயிரை விட்டார். ஒரே மகன் எட்வேட் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்துகொண்டிருந்தான். தகப்பனோடு சண்டை பிடித்துக்கொண்டு போய் இரண்டு வருடம். அமிர்தநாயகத்தின் மனைவி மார்த்தா மகனுக்குத் தந்தி அடித்தாள். பின்னேரமே பதில் வந்தது: ‘இரவு ரயிலில் வாறன். நான் வரும்வரை எடுக்க வேண்டாம்.’

புதன்கிழமை விடிந்தபோது ஊரடங்கு. பாதை பூட்டு. மன்னாரிலிருந்து உடலுக்கு மருந்து ஏற்றுபவரும் அவர்களுடைய ஊரான பேசாலைக்கு வரமுடியவில்லை. பங்குனி வெயிலில் மத்தியானத்துக்கிடையில் வீட்டுக்குள் வாடை கிளம்பிவிட்டது.

“இண்டைக்கே எடுப்பம், மார்த்தா,” என்றார் பங்குச் சுவாமி.

“பெடியன் வாறன் எண்டவன், சுவாமி. தகப்பன்ர முகத்தை அவன் பார்க்க வேணும்.”

எருக்கலம்பிட்டி ஜவாஹிருக்கு அந்தக் கடற்கரையில் மீன் வாங்கி ஐஸ் போட்டு ஏற்றும் வாடி இருந்தது. லொறி ஓடாததால் அவருடைய ஐஸ் அங்கே சும்மா கிடந்தது. ஒருவரும் சொல்லி அனுப்பாமலே அவர் ஐஸ் கட்டிகளையும் ஆறு சாக்கு மரத்தூளையும் வண்டிலில் தள்ளிக்கொண்டு வந்தார்.

“வெறும் ஐஸ் ரெண்டு மணித்தியாலம் நிக்காது, தங்கச்சி. தூளுக்குள்ள புதைச்சால் நாளைக்கும் கிடக்கும்.”

நிலத்தில் நாலு விரல் தடிப்புக்குத் தூளைப் பரப்பி, கட்டிலைச் சுற்றி ஐஸை அடுக்கி, மேலும் தூளால் மூடினார்கள். கசிந்த தண்ணீரையும், பிறகு உடலிலிருந்து கசிந்ததையும் தூளே உறிஞ்சியது. ஊறிய தூளை மார்த்தா தானே வாரி வளவில் வெட்டிய கிடங்கில் கொட்டிவிட்டுப் புதுத்தூள் போட்டாள். வேறு யாரையும் அதில் கைவைக்க விடவில்லை. வாசலில் சத்தம் கேட்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை ஐஸ் முடிந்தது.

“இனி என்னட்ட ஒண்டும் இல்லை, தங்கச்சி,” என்றார் ஜவாஹிர்.

மார்த்தா புருசனின் முகத்தைப் பார்த்தாள். அது இனி மகனுக்குக் காட்டக்கூடிய முகமாக இல்லை.

“எடுங்கோ,” என்றாள்.

கசியாமல் இருக்கப் பெட்டியின் அடியிலும் மரத்தூள் போட்டார்கள். ஊரடங்கு தளர்ந்த ஒரு மணித்தியாலத்துக்குள் சேமக்காலைக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சிவபாக்கியம் ரீச்சர் வந்தார். செவ்வாய் இரவு எட்வேட் ஏறிய அதே ரயிலில் வந்தவர். வழியில் மறிபட்டு, உறவுக்காரர் வீட்டில் தங்கி, அன்றுதான் ஊர் சேர்ந்திருந்தார்.

“உங்கட மகன் எனக்கு முன்னுக்குத்தான் இருந்தவர். ‘அப்பாட்ட மன்னிப்புக் கேட்க வேணும், ரீச்சர்’ எண்டு சொல்லிக்கொண்டு வந்தவர். ரயிலை மறிச்சு, துவக்கோட ஏறினவங்கள் இளம் ஆக்களை மட்டும் இறக்கினவங்கள். தந்தியைக் காட்டினவர். அவங்கள் அதை வாசிக்கவே இல்லை.”

“பிறகு?”

“பிறகு இறக்கின ஆக்களை ஏத்தாமலே ரயிலைத் திருப்பி விட்டிட்டாங்கள்.”

தான் தூளை மாற்றி மாற்றிப் போட்ட அந்த மூன்று நாளும் மகன் எங்கே, எந்த நிலையில் இருந்தான் என்று மார்த்தா யோசித்தாள். அழுகை வரவில்லை.

மகனின் படத்தை வைத்துக்கொண்டு முகாம்களுக்கும் அரசாங்கக் கந்தோர்களுக்கும் எட்டு வருடம் அலைந்தாள். இருக்கிறான் என்றும் எவரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

ஒன்பதாம் வருடம், மகனுக்காக ஒரு இறந்தோர் பூசை வைப்போமா என்று சுவாமி தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“எந்தத் திகதிக்கு, சுவாமி?” என்று கேட்டாள் மார்த்தா.

அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, கருவாடு காயப்போடக் கடற்கரைக்குப் போனாள்.