பழித்துப் பேசிய லேத்து

வாங்க நினைக்கிற பொருளை வியாபாரி ஏறெடுத்தும் பார்க்கக் கூடாது. அதற்குப் பக்கத்தில் நிற்பதைப் பார்க்க வேண்டும். பார்த்து உருக வேண்டும். தண்டாயுதபாணி செட்டியார் காலையிலிருந்து பக்கத்து லேத்தைப் பார்த்து உருகிக்கொண்டிருந்தார். கண் வலியே வந்துவிட்டது.

தங்கச்சாமியின் மோட்டார் கொட்டகையில் லேத்துகள் இரண்டு. காலால் மிதித்தால் இரும்பையும் பித்தளையையும் சுழற்றிக் கடைந்து தருகிற இயந்திரங்கள். ஒன்று வெள்ளி வர்ணம் பூசிக்கொண்டு, மாப்பிள்ளை அழைப்புக்குப் புறப்பட்டதுபோல் நடுவில் நின்றது. மற்றது எண்ணெய்ப் பிசுக்கும் கோழி எச்சமுமாக மூலையில் கிழிசல் சாக்கைப் போர்த்திக் கிடந்தது. செட்டியாருக்கு வேண்டியது சாக்குப் போர்த்தியது.

உள்ளே நுழைந்ததுமே கால் தடுக்கியவர்போல் அதன்மேல் சாய்ந்து, சுழலும் தண்டைக் கட்டைவிரலால் ஒரு நெம்பு நெம்பிப் பார்த்துவிட்டார். இம்மி ஆட்டமில்லை. வெள்ளி வர்ணக்காரனின் தண்டோ கிழவர் பல்லாக ஆடியது. அதன் அடிச்சட்டம் வேலை நடக்கும் இடத்தில் அம்மியாகத் தேய்ந்து குழிந்திருந்தது. வர்ணம் குழியை மறைக்கும். அதில் கடைந்த சாமான் ஊரைக் கூட்டிச் சொல்லிவிடும்.

பர்மாவில், மோல்மேனில் கடை நடத்திய காலத்தில் வயல், அரிசி ஆலை, ஒரு தடவை யானைகூட, முகத்தைச் சுளித்துக்கொண்டே வாங்கியவர் அவர். எல்லாம் கடைக்கு. தான் ஆசைப்பட்டு வாங்கியது என்று ஒரு குடைகூடக் கிடையாது. ஊர் திரும்பியபின் வீட்டின் பின்பக்கம் மூன்றாம் கட்டில் ஓர் அறையை ஒழித்துப் போட்டு, அரத்தால் ராவி ராவி ஒரு குட்டி நீராவி எஞ்சின் செய்துகொண்டிருந்தார். சக்கரம் இருந்தது, கொதிகலன் இருந்தது, ஓட்டம்தான் இல்லை. கையால் ராவிய உருளை எங்கே வட்டமாக வரும்? நீராவி ஓரத்தில் சீறிக்கொண்டு வெளியே போய்விடும்.

"இது ஓடுமா, இல்லை, நம்ம பர்மாக் கடனாளி மாதிரி மூச்சு மட்டும் விடுமா?" என்று மனைவி ஆச்சி வேறு கேட்டுவிட்டாள்.

நல்ல லேத்து ஒன்று இருந்தால் ஓடும். அது இந்தச் சீமையிலேயே இந்த மூலையில்தான் கிடந்தது. தங்கச்சாமி கொட்டகையை மூடிவிட்டு மதுரைக்குப் போகிறார். விலை போகாததை அள்ளிக்கொண்டு போகப் பழைய இரும்பு வண்டி மத்தியானம் வருகிறது. ஏறிவிட்டால் சம்மட்டி, அப்புறம் உலை.

செட்டியார் வெள்ளிக்காரனைப் பார்த்து இன்னொரு தடவை உருகினார், அதுதான் தொழில்.

பேரத்துக்குத் தனியாகப் போகக் கூடாது என்று மாமனார் மெய்யநாதன் செட்டியார் தாமாகவே கிளம்பி வந்திருந்தார். எது வேண்டும் என்று மருமகன் அவரிடமும் மூச்சு விடவில்லை. மனசிலிருப்பது இன்னொரு காதுக்குப் போனால் விலை ஏறும். மாமனார் காதும் காதுதானே.

"தங்கச்சாமி, இதுல்ல லேத்து!" என்று தண்டாயுதபாணி வெள்ளிக்காரனைத் தடவிக் கொடுத்தார். "என்னா மினுமினுப்பு! அங்குட்டுக் கெடக்குதே, அது என்னாது, செத்த எருமையா?"

"அதுவும் லேத்துதான் செட்டியாரே."

"அதைப் பாத்த கண்ணைக் கழுவணும்."

திட்டம் பழையதுதான். வெள்ளிக்காரனுக்குப் பேரம் பேசி, படியாமல் போய், குடையை இடுக்கிக்கொண்டு வெளியே நடப்பது. வாசல் தாண்டித் திரும்பி, 'சரி, வந்ததுக்கு அந்தச் செத்த எருமையையாச்சும் ஏத்திவிடும்' என்பது. பேரம் படியவில்லை. குடையை இடுக்கினார். நடந்தார். வேப்பமரத்தடியில் நின்று, ஒருவர் கோபப்பட எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் கோபமாக இருந்துவிட்டுத் திரும்பினார்.

உள்ளே மாமனார் தங்கச்சாமியின் கையில் வெற்றிலையோடு அச்சாரத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

"முடிச்சுட்டேன் மாப்பிள்ளை! இம்புட்டு ஆசைப்பட்டதை விட்டுட்டுப் போறீகளேன்னு மனசு கேக்கலை. ஒங்க கைக்காசு வேணாம். எம் பொண்ணுக்குச் சீரா வச்சுக்கிருங்க."

சீர்! மாமனார் வீட்டுச் சீரை வேண்டாம் என்று சொன்னவன் காரைக்குடியில் குடியிருந்ததில்லை. கொட்டகைக்கு வெளியே மாட்டு மணிச் சத்தம் கேட்டது. இரும்பு வண்டி.

வேறு வழியில்லை. வாழ்க்கையிலேயே பேரத்தின் நடுவில் சொல்லாத ஒன்றைச் சொன்னார்: உண்மையை.

"அம்மான், எனக்கு வேண்டியது இது இல்லை. அந்தப் பழசுதான்."

மாமனாரின் கண் மின்னியது. காதோரம் குனிந்து, "பலே! அச்சாரம் கைமாறுன பெறகும் வெலையைக் கொறைக்கப் பாக்குறீக. எங்க அப்பச்சிக்கே இந்தத் தெறமை கெடையாது" என்றார்.

"நெசமாச் சொல்றேன் அம்மான்!"

"மெதுவா, மெதுவா. நெசம்னு சொன்னாத்தான் சந்தேகப்படுவான்."

தங்கச்சாமி சிரித்தார். "செட்டியாரே, இந்த வித்தையெல்லாம் மருதையில காட்டுங்க. வெள்ளி லேத்துல ஒத்தக் காசு எறங்க மாட்டேன்."

வண்டியாட்கள் சாக்கை உருவி எறிந்துவிட்டுப் பழைய லேத்துக்குக் கயிறு போட்டார்கள். ஒருவன் உடைத்துப் போட்டால் தூக்க வசதி என்று சம்மட்டியையே கையில் எடுத்தான்.

"நிறுத்துங்கப்பா!" செட்டியாரின் குரல் கீச்சிட்டது. "தங்கச்சாமி, இரும்புக்காரர் தர்றதுக்கு மேல தர்றேன். நீர் கேக்குறதுக்கும் மேலயே தர்றேன். வெலையைச் சொல்லும்!"

மாமனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு டயரின்மேல் உட்கார்ந்தார். கேட்டதற்கு மேலே தருகிறேன் என்ற சொல்லை அவர் குலம் கோத்திரத்தில் யாரும் கேட்டதில்லை.

தங்கச்சாமிக்குச் சந்தோஷம் வரவில்லை. பயம் வந்தது. லேத்தைச் சுற்றி வந்தார். தட்டினார். எண்ணெய்ச் சந்தில் விரலை விட்டுப் பார்த்தார்.

"உள்ள என்னா இருக்கு?"

"ஒண்ணுமில்லையே!"

"செத்த எருமைன்னீக. இப்ப கேட்ட வெலைக்கு மேலங்கிறீக. ஒண்ணுமில்லாமயா? நான் விக்கலை. ஆளை வச்சுப் பிரிச்சுப் பாத்துட்டுத்தான் மறுவேலை."

பிரிப்பதா! பிரித்தவன் திரும்பப் பூட்டினால் அந்தத் தண்டு மறுபடி அப்படி நிற்குமா? செட்டியார் அங்கவஸ்திரத்தை எறிந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். குப்பையில் கிடந்த பித்தளைக் கம்பி ஒன்றைப் பூட்டி, மிதியில் கால் வைத்தார். தண்டு முனகாமல் சுழன்றது. உளி பட்டதும் பித்தளை மெல்லிய சுருளாக உரிந்து, பளபளவென்று மணிக்கட்டில் வந்து விழுந்தது. இன்னும் கொஞ்சம். வட்டம் சுத்தமாக வந்தது. எதிரில் ஆள் நிற்பது அவருக்கு மறந்தே போயிற்று. கம்பியைக் காதருகே வைத்துச் சுண்டிப் பார்த்துவிட்டு, பல் தெரியச் சிரித்தார்.

தங்கச்சாமி லேத்தைப் பார்க்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடப்பாவமே, செட்டியாரு நெசமாத்தேன் ஆசைப்படுறாரு" என்றார். உடனே கைகட்டிக்கொண்டு, "அப்ப வெலை வேற" என்றார்.

சொன்னார் ஒரு விலை. செட்டியார் சரி என்று தலையாட்டினார். அப்போதும் கால் மிதியை விட்டு இறங்கவில்லை.

சாயங்காலம் மாட்டுவண்டியில் இரண்டு லேத்துகளும் ஏறின. சீராக வந்தது வீட்டு முகப்பில் சந்தனம் குங்குமத்தோடு நின்றாக வேண்டும். பார்க்க வருகிற மாமனார் வீட்டாரின் கண்ணெதிரே அதில் எதையாவது கடைந்தும் காட்டியாக வேண்டும். அந்தக் கவலை ஒருபுறம் அரித்தது. வண்டி குலுங்கும்போதெல்லாம் செட்டியார் பழைய தண்டைக் கையால் தாங்கிக்கொண்டார்.

பக்கத்தில் மாமனார் வழியெல்லாம் பழைய லேத்தின் சந்து பொந்துகளை உற்றுப் பார்த்துக்கொண்டே வந்தார். குன்றக்குடி சாலை திரும்பியதும் வண்டிக்காரனுக்குக் கேட்காதபடி நெருங்கி உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை, இப்ப அந்த ஆள் இல்லை. சொல்லுங்க. உள்ள என்னதான் இருக்கு?"

"சத்தியமா ஒண்ணுமில்லை அம்மான்."

மாமனார் பெருமூச்சு விட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

"பொண்ணைக் குடுத்த எங்கிட்டக்கூடச் சொல்ல மாட்டீக."