நாலாயிரம் பாயிண்ட்

தொண்ணூற்றைந்தாம் வருடம், தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஆர்.எஸ்.புரத்து மாடி வீட்டில் ரங்கநாயகி மூன்று வங்கிகளின் விண்ணப்பங்களைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்தாள். பீளமேட்டில் ஒரு பம்புசெட் கம்பெனியின் கொள்முதல் பிரிவு அவள் பொறுப்பில் இருந்தது. செப்புக் கம்பியானாலும் குண்டூசியானாலும் மூன்று கொட்டேஷன் வாங்கி ஒப்பிடாமல் அவள் கையெழுத்துப் போடமாட்டாள். கிரெடிட் கார்டுக்கும் அதே நியாயம்தான்.

எதிரே கீதா தலை துவட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் டீச்சர். சொந்த ஊர் கிணத்துக்கடவு. ஜாதகம் பொருந்தவில்லை, பொருந்தவில்லை என்றே முப்பத்தைந்தைத் தொட்டுவிட்டவள். ரங்கநாயகி அவளைவிட ஐந்து வயது மூத்தவள். கல்யாணம் வேண்டாம் என்று இருபத்திரண்டு வயதில் வீட்டில் சொன்னாள். காரணம் அவளும் சொல்லவில்லை, போகப்போக யாரும் கேட்கவுமில்லை. வாடகையைப் பங்கிட்டுக்கொள்ளத்தான் இருவரும் சேர்ந்து குடிவந்தார்கள். அது எட்டு வருடத்துக்கு முந்தைய கதை.

"இது தங்கக் கார்டு," என்றாள் ரங்கநாயகி. "வருஷத்துக்கு ஆயிரத்தைநூறு. பிளேன் விழுந்தா இன்சூரன்ஸ் உண்டு. பம்பாய் ஏர்போர்ட்டுல சோபாவுல உக்கார வெச்சு காபி குடுப்பாங்களாமா."

"ஒரு காபிக்குப் பம்பாய் போகோணுங்களா?"

"அதான் வேண்டாங்கறேன். இதுல பாயிண்டுக்குக் குக்கரும் செவுத்துக் கடிகாரமும் தர்றாங்க. நம்மகிட்ட ரெண்டும் இருக்குது. இதைப் பாரு. நூறு ரூபாய்க்கு ஒரு பாயிண்ட். துணிக்கடை, நகைக்கடை, ஓட்டல்னா ரெண்டு. நாலாயிரம் சேர்ந்தா நம்ம நாட்டுக்குள்ள எங்க வேணும்னாலும் பிளேன்ல ரெண்டு பேரு போயிட்டு வரலாம். மூணு வருஷத்துக்குள்ள சேர்த்து எடுத்துறோணும். இல்லீன்னா அத்தனையும் செத்துப் போயிரும்."

கீதா துண்டை மடியில் வைத்தாள். "பிளேன் எப்படிப் பறக்குதுன்னு பன்னெண்டு வருஷமா போர்டுல படம் போட்டுச் சொல்லிக் குடுக்கறேனுங்க்கா. ஒருக்காக்கூட ஏறாம அதைச் சொல்றப்ப பொய் சொல்றாப்புல இருக்குது."

"எங்கெ போலாம்?"

"அந்தமானுங்க. சுத்தியும் கடல். மேல இருந்து பாக்கோணும்."

மூன்றாவது விண்ணப்பத்தில் ரங்கநாயகி அன்றைக்கே கையெழுத்துப் போட்டாள். அவளுக்கு அந்தமான் மீதும் ஆசை கிடையாது, ஆகாயத்தின் மீதும் கிடையாது. கீதா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கீழே பார்ப்பாள், தான் அவளைப் பார்த்துக்கொண்டு வரலாம் என்பது மட்டும்தான் அவள் மனதில் இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டரை வருடம் அந்த வீட்டில் ஒரு கைக்குட்டையைக்கூட யோசிக்காமல் வாங்கவில்லை. கார்டு வாங்கும் கடை எது, வாங்காத கடை எது என்று கீதாவுக்கு மனப்பாடம். கடைக்காரர் கார்டை அந்த இரும்புச் சட்டத்தில் வைத்து, கார்பன் தாளின் மேல் கர்ரக்கென்று இழுக்கும்போது அவள் ரங்கநாயகியின் கையைக் கிள்ளுவாள். பெட்ரோலுக்கு மட்டும் கார்டு கூடாது. நூற்றுக்கு இரண்டரை ரூபாய் பிடித்துக்கொள்கிறார்கள் என்று ரங்கநாயகி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மாதக் கடைசிக்குள் முழுப் பணத்தையும் கட்டிவிடுவாள். வட்டி என்று ஒரு பைசா போனதில்லை. பாயிண்டுக்காகச் செலவு செய்வது மடத்தனம் என்பாள். ஆனால் கீதாவின் பிறந்தநாளுக்கு அவளே அவினாசி ரோட்டில் பெரிய ஓட்டலுக்குக் கூட்டிப் போனாள். "ரெண்டு மடங்குல்ல," என்று சமாதானம் சொன்னாள்.

கீழ் வீட்டு சாஜிதா பேகத்தின் மகளுக்கு நிக்காஹ் வந்தபோது ஜவுளி முழுவதும் இவர்கள் கார்டில் எடுத்தார்கள். சாஜிதா பணத்தைக் கையில் கொடுத்துவிட்டாள். ஒரே நாளில் நானூற்று நாற்பது பாயிண்ட். அன்றைக்குப் பொழுது சாய, கீதா மொட்டை மாடிக்கு ஓடிப்போய், பீளமேட்டுப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்த விமானத்துக்குக் கை காட்டிவிட்டு வந்தாள்.

தொண்ணூற்றேழு ஜூன் மாதத்துத் தபாலில் நாலாயிரத்து இருபத்தாறு என்று வந்தது. டிசம்பர் முடிவதற்குள் எடுத்துவிட வேண்டும். இரண்டு நாள் கழித்து ரங்கநாயகி லீவு லெட்டர் எழுத உட்கார்ந்தாள். கீதா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"அரையாண்டு லீவு எப்ப விடறாங்க கண்ணு?"

கீதா தண்ணீரை வடித்தாள், மறுபடி பிடித்தாள்.

"அண்ணன் ஒரு எடம் சொல்லியிருக்குதுங்க்கா," என்றாள். "பல்லடம். தறி ஓட்டறாரு. பொங்கியண்ணன்னு பேரு. மொத சம்சாரம் தவறிப்போச்சு. ஒரு பொம்பளப் புள்ளை, நாலாவது படிக்குது. போன வாரம் ஊருக்குப் போனப்ப வந்து பாத்தாங்க."

"சொல்லவே இல்லையே."

"சொல்ல வரலீங்க."

"புடிச்சிருக்குதா?"

"நல்லவராட்டத் தெரியறாரு. அந்தப் புள்ளை என் கையப் புடிச்சுட்டு உடவே இல்லீங்க." கீதாவின் குரல் இறங்கியது. "சரின்னு சொல்லிப்போட்டேன்."

ரங்கநாயகி பேனாவை மூடினாள். "நல்லது," என்றாள். எழுந்து பக்கத்தில் வந்து, "அரிசிய எத்தனை வாட்டி களைவே? சத்தெல்லாம் போயிரும்," என்றாள். "கல்யாணத்துக்கு முன்னால ஒரு நாலு நாள் போயிட்டு வந்துறலாமா?"

"பேசி முடிச்ச பொண்ணு ஊரு தாண்டக் கூடாதுங்கறாங்கக்கா."

அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு இல்லை. இருவருமே அதைச் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார்கள்.

ஆவணியில் கல்யாணம் என்று முடிவானது. ஆடிக் கடைசியில் பொங்கியண்ணன் பத்திரிகையோடு ஆர்.எஸ்.புரத்துக்கு வந்தார். கூட, கல்யாண வேலைக்கென்று ஊருக்குப் போயிருந்த கீதாவும் அவள் அண்ணனும். அவரை வெறுக்க ஏதாவது கிடைக்காதா என்று ரங்கநாயகி பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. பஞ்சுத் தூசியில் இருமிப் பழகிய நெஞ்சு, மெல்லிய பேச்சு. காபி டம்ளரை அவரே எடுத்துப்போய்க் கழுவி வைத்தார்.

"ஏனுங்க, அந்தமான் பாக்கோணும்னு கீதாளுக்கு ரொம்ப நாளா ஆசையாமுங்க," என்றார். "டிக்கெட்டு விசாரிச்சேன். ரெண்டு பேருக்குக் கேட்டா ஒரு தறி வெலை சொல்றாங்க. நூல் வெலை ஏறிக் கெடக்கற நேரத்துல முடியாதுங்க. ஒரு ரெண்டு வருஷம் போகட்டும்னு சொல்லியிருக்கறேன்."

ரங்கநாயகி கீதாவைப் பார்த்தாள். கீதா தரையைப் பார்த்தாள். அந்த ஆசை இரண்டு பேருடையது என்று அந்த மனிதருக்குச் சொல்லப்படவில்லை.

"டிக்கெட்டு இருக்குதுங்க," என்றாள் ரங்கநாயகி. "கார்டுல பாயிண்ட் சேர்த்து வெச்சிருக்கறோம். பாதி கீதாவோட காசு. ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. நான் செய்யற சீருன்னு வெச்சுக்குங்க."

அவர் மறுத்தார், தயங்கினார், கடைசியில் கை கூப்பினார். கீதாவின் அண்ணனும் அவரும் காரை எடுக்கக் கீழே இறங்கிப் போனார்கள்.

"அக்கா, அது உங்க டிக்கெட்டு," என்றாள் கீதா.

"டிசம்பரோட போயிரும். யாராவது ஏறுனாத்தான் டிக்கெட்டு."

"ஒண்ணு நீங்க வெச்சுக்குங்க."

"ஒரு டிக்கெட்ட வெச்சுட்டு நான் எங்கெ போவேன்?"

கீதா அழுதாள். ரங்கநாயகி தொடவில்லை. தொட்டால் விடமுடியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"சரின்னு சொல்லிப்போட்டேன்னு அன்னைக்குச் சொன்னேனுங்களே," என்றாள் கீதா, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "அதுக்கப்பறம் ரெண்டு நாள் பாத்தேனுங்க. போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு."

கீழே ஹாரன் அடித்தது. அந்த ஒரு வார்த்தை எட்டு, பத்து வருடமாக ரங்கநாயகியின் தொண்டைக்குள்தான் இருந்தது. அதைச் சொல்ல ஓர் இடம் இருந்தது, அந்த இரண்டு நாட்களும் இந்த வீட்டுக்குள்ளேயே இருந்தன என்று இப்போதுதான் தெரிந்தது.

"அண்ணன் கூப்பிடறாரு பாரு," என்றாள். கீதா கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

வங்கியில் பாயிண்டை டிக்கெட்டாக மாற்ற ஒரு படிவம் கொடுத்தார்கள். கார்டு வைத்திருப்பவர் போகாவிட்டால் குடும்பத்தாருக்கு மட்டும்தான் தரலாமாம். ஹர்ஷிணி என்று பெயர்ப்பட்டை குத்திய பெண், பேனாவால் ஒரு கட்டத்தைத் தட்டிக் காட்டினாள்.

"இவங்க உங்களுக்கு என்ன வேணும் மேடம்?"

ரங்கநாயகி அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. 'தங்கை' என்று எழுதினாள். கீழே, 'தங்கையின் கணவர்'.

"இனிஷியல் வேறயா இருக்குதுங்களே?"

"சித்தி மக."

"நீங்க போகலீங்களா மேடம்? மூணு வருஷம் சேர்த்திருக்கறீங்க."

"லீவு இல்லீங்க." சொல்லிவிட்டு, "ஜன்னல் பக்கத்து சீட்டு ஒண்ணு வேணும்னு எழுதிக்குங்க. கீதாங்கற பேருக்கு," என்றாள்.

கிணத்துக்கடவு மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. ஒறம்பரை, சொந்தபந்தம் என்று கூட்டம் நிறைந்திருந்தது. ரங்கநாயகி இரண்டாவது பந்தியில் சாப்பிட்டாள், மொய் எழுதினாள், பொள்ளாச்சியிலிருந்து வந்த பஸ்ஸைப் பிடித்து உக்கடத்தில் இறங்கினாள். ஐப்பசியில் அவர்கள் விமானம் ஏறிய அன்று, மத்தியானம் கம்பெனிக் கூரைக்கு மேலே இரைச்சல் கேட்டது. மேசையில் மூன்று கொட்டேஷன் கிடந்தது. எது மலிவு என்று அவளால் பார்க்க முடியவில்லை. மூன்றையும் மடித்து உள்ளே வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சாஜிதா பேகம் மாடிக்குக் குரல் கொடுத்தாள். போன் வந்திருந்தது. ரங்கநாயகி ஓடி இறங்கினாள்.

"அக்கா, நான்தானுங்க. போர்ட் பிளேர்ல இருந்து." காற்றிரைச்சலோடு கீதாவின் குரல் வந்தது. "நல்லா இருக்கறேனுங்க. எறங்கறப்ப தண்ணி மேல பிளேனோட நெழல் கூடவே ஓடி வந்துச்சுங்க்கா. சின்னதா இருந்து பெருசாகிட்டே வந்துச்சு. இவரு பயந்துட்டுக் கண்ணை மூடிட்டாரு." கொஞ்சம் நின்றாள். "'அக்கா, பாருங்க'ன்னு சொல்லிப் பக்கத்து சீட்டுப் பக்கம் திரும்பிட்டேனுங்க."

ரங்கநாயகி ரிசீவரை இன்னும் அழுத்திக் காதில் வைத்துக்கொண்டாள். சாஜிதாவின் வீட்டுக் கூடத்தில் நான்கு பேர் இருந்தார்கள்.

"சாப்பிட்டியா கண்ணு?"

"ஆச்சுங்க. நீங்க?"

"ஆச்சு."

"மீட்டரு ஓடுதுங்க்கா. வெச்சரட்டுங்களா?"

"வெய்யி."

"கீதா டீச்சர் நல்லா இருக்காங்களா?" என்று கேட்டாள் சாஜிதா. "நல்லா இருக்கறா," என்று சொல்லிவிட்டு ரங்கநாயகி வெளியே வந்தாள். மாடிப்படி பாதி ஏறினாள். அங்கேயே உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். சாஜிதா கதவுவரை வந்தவள் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். படியில் ஏறவந்த பால்காரரைக்கூட ஜன்னலிலிருந்தே கை காட்டி வெளியில் நிறுத்திவிட்டாள்.

அந்த மாடியை ஒற்றை ஆளாக வைத்துக்கொள்ள ரங்கநாயகிக்கு முடியவில்லை. தை பிறந்ததும் கம்பெனிக்குப் பக்கத்தில், பீளமேட்டில், ஒரே அறை உள்ள வீட்டுக்குப் போனாள். கார்டைப் புதுப்பிக்கச் சொல்லி வங்கியிலிருந்து இரண்டு முறை பேசினார்கள், தேவையில்லை என்றாள். பல்லடத்துக்குப் புது முகவரியை எழுதிப்போட அவளுக்கு மூன்று மாதம் பிடித்தது.