எட்டு மணிக்கு முன் ஒரு பாட்டு

பருத்திப்பட்டு ஏரிக்கரைப் பூங்காவில் இசைவிழா நடத்தலாம் என்று பேசியபோது எல்லோரும் ஒற்றுமையாகத்தான் இருந்தார்கள். யார் கடைசியில் மேடை ஏறுவது என்ற கேள்வி வந்த பிறகுதான் நாற்காலிகள் இரண்டு பக்கமாக நகர்ந்தன.

ஒரு பக்கம் 'மூன்றாம் தளம்' குழு. அடுக்ககத்தின் மூன்றாவது மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பயிற்சி செய்யும் ஐ.டி. ஊழியர்கள் நான்கு பேர். கிதார் வாசிக்கும் பிரசன்னா அதன் தலைவன். பாடுகிறவள் நிவேதிதா. மறுபக்கம் ஜெகன் மெல்லிசைக் குழு. ஆவடி வட்டாரத்தில் எந்தக் கோயிலில் திருவிழா என்றாலும் மேடையில் ஜெகன் இருப்பான். வயது முப்பதுதான். பகலில் தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை.

"கடைசியா வர்றவங்கதான் ஹெட்லைனர் சார். போஸ்டர்ல அவங்க பேர்தான் பெருசா இருக்கும்," என்றான் பிரசன்னா. "சொந்தமா பாட்டு போடுறவங்களுக்குத்தான் அந்த இடம். விருந்துல கடைசியா பாயசம் வர்ற மாதிரி."

விழாக் குழுத் தலைவர் துலுக்கானம் உள்ளூர்க்காரர். "எங்க ஊட்டுப் பந்தியில கடைசியா வர்றது மோருப்பா," என்றார். "அதுக்குள்ள பாதிப் பேரு கை கழுவப் பூட்வான்."

"ஊரே எங்க பாட்டுக்குத்தான் வரும், அண்ணாத்தே," என்ற ஜெகன் பிரசன்னா பக்கம் திரும்பினான். "உங்க பாட்டுக்கு உங்க லிஃப்ட் ஆப்பரேட்டராவது வருவாரா?"

"எங்க லிஃப்ட்டுக்கு ஆப்பரேட்டர் கிடையாது ப்ரோ."

"அப்ப அவரும் இல்ல."

ஒரு மணி நேரம் இப்படியே போனது. நிவேதிதாவுக்கு எந்த இடமும் வேண்டாம். ஒரே ஒரு பாட்டு பாட நேரம் வேண்டும். அவளே எழுதி மெட்டமைத்த பாட்டு அது. அம்மா இல்லாத வீட்டில் அப்பாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து, பேசாமல் சாப்பிடுவதைப் பற்றியது. அப்பா இருதயராஜ் தூத்துக்குடியில் சைக்கிள் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார், மாதா கோயில் பாடகர் குழுவில் முப்பது வருடமாகப் பாடுகிறார். "பாட்டுன்னா கேட்டவுடனே கூடப் பாட வரணும் பிள்ள. ஒம் பாட்டை யாரு பாடுவா?" என்று ஒருமுறை கேட்டார். அதற்குப் பிறகு அவள் அவருக்கு எதையும் பாடிக் காட்டியதில்லை. விழாவுக்கு வாருங்கள் என்று கூப்பிட்டாள். வருகிறேன் என்றார்.

திடீரென்று ஜெகன் எழுந்தான். "சரி, கடைசி எடம் அவங்களுக்கே குடுத்துருங்க. போஸ்டர்ல பேரும் பெருசா போடுங்க." அவன் உதட்டோரம் சின்னச் சிரிப்பு. பிரசன்னா ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

அந்தச் சிரிப்பின் பொருள் விழாவன்றுதான் நிவேதிதாவுக்குப் புரிந்தது.

ஐந்து மணிக்குத் தொடங்க வேண்டிய விழா, சிறப்பு விருந்தினர் வராததால் ஆறேகாலுக்குத் தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகளின் பறையாட்டம் முடிந்ததும் உரைகள். ஒவ்வொருவருக்கும் பொன்னாடை. பொன்னாடை வாங்கியவர் போட்டவருக்கே திரும்பப் போட்டார். ஏரியில் பறவைகள் அடைந்துவிட்டன. அப்பா நாலரை மணியிலிருந்து முன்வரிசையில், மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார். பத்தரைக்குக் கிளாம்பாக்கத்தில் பேருந்து. காலையில் கடை திறக்க வேண்டும்.

கடைசி உரை முடியும்போது மணி ஏழு ஐந்து. பூங்காவை எட்டு மணிக்கு மூட வேண்டும் என்பதுதான் அனுமதியில் இருந்த நிபந்தனை. அடுத்து ஜெகன் குழு, ஒரு மணி நேரம்.

பிரசன்னா மேடைக்குப் பின்னால் கிதாரைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றான். நிவேதிதா ஜெகனிடம் போனாள்.

"ஒங்களுக்கு எவ்வளவு நேரம்?"

"நோட்டீஸ்ல போட்டுகீது பாரு. ஒரு மணி நேரம்."

"அப்ப எங்களுக்கு?"

அவன் மைக் வயரை உள்ளங்கையில் சுற்றினான். "கடைசி எடம்னா இன்னான்னு எனக்கு அன்னிக்கே தெரியும் சிஸ்டர். பேச்சு, பொன்னாடை எல்லாம் போவ, கடைசி ஆளுக்கு மிஞ்சறது சேரு மடக்குற சத்தந்தான். தெரிஞ்சுதான் உட்டுக் குட்த்தேன். பெரிய பேரு வோணும்னு கேட்டீங்களே."

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. "முன்னாடி பையோட உக்காந்திருக்கிறது எங்கப்பா," என்றாள். "நான் எழுதின ஒரு பாட்டைக் கேக்கத்தான் தூத்துக்குடியிலிருந்து வந்திருக்கார். எட்டேகாலுக்குக் கிளம்பிருவார்."

ஜெகன் திரை இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"போன வருசம் ஆடித் திருவிழா," என்றான் திரும்பாமலே. "கடைசி நாளு எனக்குக் குட்த்தாங்க. எங்கம்மா புதுப் பொடவை கட்டிகினு மொத வரிசையில குந்தியிருந்துச்சு. நான் மைக்கைப் புட்ச்சேன், கரன்ட்ட நிறுத்திட்டாங்க."

மேடை ஏறினான்.

முதலில் அம்மன் பாட்டு. அடுத்து இரண்டு சினிமாப் பாட்டு. கூட்டம் எழுந்து நின்று அவனுடைய ரயில் கானாவைப் பாடச் சொல்லிக் கத்தியது. ஆவடியிலிருந்து சென்ட்ரல் போகும் மின்ரயிலைப் பற்றி அவனே கட்டியது. வட்டாரத்தில் சின்னப் பிள்ளைக்கும் மனப்பாடம். எந்த மேடையிலும் மூன்றாவது பாட்டுக்குப் பிறகு அதைத்தான் பாடுவான்.

"ரயிலு வரும்," என்றான் மைக்கில். "கடைசியில வரும். அதுக்கு மின்னாடி 'மூன்றாம் தளம்' பாடுவாங்க. நடுவுல எழுந்து போறவங்களுக்கு டிக்கெட் கெடையாது."

கூட்டம் முணுமுணுத்தபடி உட்கார்ந்தது. மணி ஏழு முப்பத்தைந்து.

ஜெகனின் கீபோர்டுக்காரர் வயர்களைக் கழற்றப் போனார். "கை வெக்காதே நைனா," என்றான் ஜெகன். "நம்ம செட்டுலயே வாசிக்கட்டும். மாத்திக் கட்டுனா இருவது நிமிசம் பூடும்." கீபோர்டுக்காரர் முகத்தைச் சுளித்தார். ஆனால் இருக்கையை விட்டு இறங்கினார்.

முதலில் பிரசன்னாவின் நீண்ட பாட்டு என்றுதான் திட்டம். அவன் நிவேதிதாவின் பக்கம் குனிந்து, "உன்னுது முதல்ல," என்றான். போஸ்டரில் பெரிய எழுத்து கேட்ட அதே பிரசன்னா.

அவள் பாடினாள். எங்கோ ஒரு குழந்தை பலூன் கேட்டு அழுதது. தட்டில் சோறு ஆறுகிற இடம் வந்தபோது அந்த அழுகையும் நின்றிருந்தது. அப்பா பையைத் தரையில் வைத்துவிட்டிருந்தார். பல்லவி இரண்டாவது முறை வந்தபோது அவருடைய உதடுகள் அசைவதைப் பார்த்தாள். வார்த்தைகள் தெரியாது, மெட்டைப் பிடித்துக்கொண்டார். அதற்குமேல் அவர் பக்கம் பார்த்தால் பாட முடியாது என்று ஏரியைப் பார்த்துப் பாடி முடித்தாள்.

கைதட்டல் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் தட்டுவதற்கு முன் கொஞ்ச நேரம் யாரும் அசையவில்லை. அது அவளுக்குப் போதும்.

பிரசன்னாவின் பாட்டு முடிந்தபோது எட்டுக்கு அரை நிமிடம். ஜெகன் பாய்ந்து ஏறி மைக்கைப் பிடித்தான். முதல் அடிதான் பாடியிருப்பான். காவலாளி விசில் ஊத, ஒலிபெருக்கி அடங்கியது. நிவேதிதா முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவன் மேடை விளிம்பில் நின்று இரண்டு கைகளையும் தூக்கித் தாளம் போட்டான். இரண்டாவது அடியைக் கூட்டம் பாடியது. நாற்காலிகளுக்கு நடுவே நகர்ந்தபடி, வாயிலை நோக்கி நடந்தபடி, கடைசி நிறுத்தம்வரை ஒரு நிலையம் விடாமல் பாடியது.

வெளியே அப்பாவுக்குக் கார் வந்து நின்றது. நிவேதிதா ஜெகனிடம் ஓடினாள்.

"பாட்டு கொஞ்சம் சோகமா கீது," என்றான் அவன். "அடுத்த வருசம் கொஞ்சம் சிரிச்சு எழுது. கடைசி எடம் எனக்கு. கரன்ட்டு வேணாம், இப்பவே சொல்ட்டேன்."

காரில் ஏறிய அப்பா கதவைச் சாத்தவில்லை. பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். அந்த மௌனம் அவளுக்குப் பழக்கம். காத்திருந்தாள். ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

"அந்தப் பையன் பேரு என்ன பிள்ள?"

"ஜெகன்."

"முழுப் பேரு?"

"தெரியலையேப்பா. எதுக்கு?"

"ராத்திரி ஜெபத்துல சொல்லணும்லா," என்றார் அப்பா. "சரி, ஜெகன்னே சொல்லுதேன்."