அத்தை பார்த்துக்கொள்கிறாள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மீன் கடைக்காரிக்கு வாய் இல்லாவிட்டால் மீன் விற்காமல் நாறிப்போகும், அதனால் இதற்காக நான் வெட்கப்பட்டதே கிடையாது. போன வசந்தத்தில்தான் முதல்முறையாக வெட்கப்பட்டேன்.

என் தம்பி சீட்ஸேயின் மகன் வீபேக்கு ஏழு வயது. ஐந்து வயதில் ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்துக்கே ஒன்றரை வருடம் காத்திருந்தோம். காகிதம் வந்துவிட்டால் உதவியெல்லாம் தானாக வரும் என்று நினைத்தோம், வந்தது இன்னொரு காத்திருப்புப் பட்டியல். வீபே சேர்ந்தாற்போல் மூன்று மணி நேரம் தூங்கமாட்டான். கதவு திறந்திருந்தால் நேரே கால்வாய்க்கரைக்கு ஓடுவான், நெதர்லாந்தில் எங்கள் ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில் எந்தப் பக்கம் ஓடினாலும் தண்ணீர்தான். தம்பி மனைவி மார்லூஸுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. தூக்கமில்லாமல் மருந்து மாற்றிக் கொடுக்கப்போய், நல்லவேளை, கொடுப்பதற்கு முன்பே இன்னொருத்தி பார்த்துவிட்டாள். இன்னொரு தடவை நடந்தால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அவர்கள் கேட்டது இரண்டே இரண்டு. வாரத்தில் இரண்டு மதியம் பயிற்சி பெற்ற ஒருவர் வீட்டுக்கு வர வேண்டும். மாதத்தில் ஒரு வார இறுதி, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே ஊருக்கு வெளியே இருக்கும் வீட்டில் அவன் தங்க வேண்டும். அந்த இரண்டு ராத்திரி இவர்கள் தூங்கலாம்.

இங்கே அதற்கு நகராட்சியிலிருந்து ஆள் வந்து, நம் சமையலறை மேசையிலேயே உட்கார்ந்து பேசி முடிவு செய்வார்கள். வந்தவள் ரியான் என்ற இளம்பெண். என்னை யாரும் கூப்பிடவில்லை. பொரித்த மீன் கொடுக்கப் போனவள், நாற்காலி காலியாக இருந்ததால் உட்கார்ந்துவிட்டேன். மார்லூஸ் காபி ஊற்றி, ஆளுக்கொரு பிஸ்கட் கொடுத்து, டப்பாவை மூடினாள்.

"உங்களைச் சுத்தி உதவிக்கு யாரெல்லாம் இருக்காங்க?" என்று கேட்டாள் ரியான். "தப்பா எடுத்துக்காதீங்க, முதல்ல இதைத்தான் கேக்கணும்னு விதி."

சீட்ஸே காபிக் கோப்பைக்குள் பார்த்தான். மார்லூஸ் ஏற்கெனவே துடைத்த மேசையை மறுபடி துடைத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரோ ஒருத்தி முன்னால், எங்கள் குடும்பம் நாதியற்றது என்பதுபோல் இப்படியா வாயை மூடிக்கொண்டு உட்காருவது!

"ஏன் இல்லாம? நான் இருக்கேன்ல!" என்றேன். "புதன்கிழமை மதியம் பள்ளிக்கூடம் கிடையாது, என்கிட்டதான் வருவான். சனிக்கிழமையும் அப்பப்போ வருவான். அத்தைன்னா அவனுக்கு உசிரு."

ரியான் எழுதிக்கொண்டாள். மார்லூஸ் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். நன்றியோடு பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

ஆறு வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, சீட்ஸே சந்தைக்கு வந்தான். கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றான். பிறகு ஒரு கடிதத்தை மீன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். "படி," என்றான்.

படித்தேன். குடும்பத்தைச் சுற்றி நல்ல ஆதரவு இருக்கிறது, தந்தையின் சகோதரி குழந்தையைத் தவறாமல் பார்த்துக்கொள்கிறார், ஆகவே வார இறுதித் தங்கல் தற்போது தேவையில்லை என்று போட்டிருந்தது. இரண்டு மதியம் ஒன்றாகக் குறைந்திருந்தது.

"புதன்கிழமை உன்கிட்ட வர்றானாமே. எந்தப் புதன்கிழமை?"

"உங்க மானத்தைக் காப்பாத்தத்தான்டா சொன்னேன்."

"மானத்தைப் போத்திக்கிட்டா தூக்கம் வந்துருமா?"

"அப்பவே இல்லைன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"நான் சொல்லத்தான் போனேன். மார்லூஸ் மேசைக்கடியில என் காலை மிதிச்சா." அவன் குரல் இறங்கியது. "இனிமே நீ நிஜமாவே வந்து அவனைக் கூட்டிட்டுப் போவேன்னு நினைச்சிட்டா. முதல் ரெண்டு புதன்கிழமை அவனுக்கு ஷூ மாட்டி வாசல்ல உட்கார வச்சிருந்தா."

காத்திருந்த ஆளுக்கு நாலு ஹெர்ரிங் மீனுக்குப் பதில் ஆறு கட்டிக் கொடுத்தேன்.

முடிவை எதிர்த்துச் சொல்ல ஆறு வார அவகாசம் உண்டு. மார்லூஸ் போன் செய்ய, ரியான் அவர்களை அலுவலகத்துக்கு வரச் சொன்னாள். நானும் வருகிறேன் என்றேன். "வந்து இன்னும் ரெண்டு கிழமையைச் சேத்துச் சொல்லிடாத," என்றான் சீட்ஸே. அது எனக்கு வேண்டியதுதான்.

அந்த அறையில் உட்கார்ந்ததுமே போட்டு உடைத்தேன். "நான் சொன்னது பொய். அவன் என்கிட்ட வர்றதே இல்ல."

ரியானுக்குக் கோபமே வரவில்லை. இப்படி எத்தனை அத்தைகளைப் பார்த்தாளோ. "சரி. இனிமே முடியுமா? மாசத்துல ஒரே ஒரு சனிக்கிழமை? முடியும்னா அதையும் நான் கணக்குல எடுக்கணும்."

'ஏன் முடியாது?' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைச் சொல்வது எவ்வளவு சுலபம்! சொல்லிவிட்டால் நான் நல்ல அத்தை. மார்லூஸுக்கு அந்த இரண்டு ராத்திரியும் போய்விடும்.

"முடியாது," என்றேன். ஏன் என்று கேட்டாள். வீபே என்னை ஒருமுறை கடித்தான், அதிலிருந்து பயம் என்றுதான் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன். அதையே சொல்லிவிட்டு எழுந்திருக்கலாம். ஆனால் வாசலில் உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளை என்னை எழுந்திருக்க விடவில்லை.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னால சந்தைக்குக் கூட்டிட்டுப் போனேன். கூடாரத்துக் கம்பியெல்லாம் தடதடன்னு கீழ விழுந்துச்சு. அந்தச் சத்தத்துக்கு இவன் தரையில விழுந்து கத்த ஆரம்பிச்சிட்டான். தலையைக் கல்லுல முட்டுறான். சுத்தி முழுக்க என்கிட்ட மீன் வாங்குறவங்க. ஒரு அம்மா, 'யார் பிள்ளை இது?'ன்னு என்னைத்தான் கேட்டாங்க."

ரியான் தண்ணீரை என் பக்கம் நகர்த்தினாள்.

"தெரியலையேன்னு சொன்னேன். சொல்லிட்டு ரெண்டு மூணு நிமிஷம் சும்மா நின்னேன். பூக்கடைக்காரர்தான் கோட்டைக் கழட்டி அவன் தலைக்கு அடியில வச்சார். அப்புறம்தான் போய்த் தூக்கினேன். அப்பதான் கடிச்சான். நல்லா கடிச்சான்."

சீட்ஸே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மார்லூஸ் எழுந்து ஓங்கி ஒரு அறை விட்டாலும் வாங்கிக்கொள்வது என்று உட்கார்ந்திருந்தேன்.

"நவம்பர்ல, சூப்பர் மார்க்கெட்ல," என்றாள் மார்லூஸ். யாரிடம் சொல்கிறாள் என்றே தெரியவில்லை. "அவன் கீழ கிடந்து கத்துறான். நான் அடுத்த வரிசைக்குப் போயிட்டேன். ஒரு சூப் பாக்கெட்டை எடுத்து, பின்பக்கம் இருக்கிறதைப் படிக்கிற மாதிரி நின்னேன். முழுசாப் படிச்சேன். நீ அத்தை, ஹிஸ்கே. நான் அம்மா."

"என்கிட்ட சொல்லவே இல்லையே," என்றான் சீட்ஸே.

"நீயும்தான் தூங்கலை. சொல்லி என்ன ஆகப்போகுது?"

அவன் நாற்காலியை அவளருகே இழுத்துப் போட்டுக்கொண்டான். ரியான் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "இதை எழுதட்டுமா? எழுதினா உங்க பக்கம் வலுவா இருக்கும். ஆனா கோப்புல இருந்துக்கிட்டே இருக்கும்."

எழுத வேண்டாம் என்று சொல்லப்போனேன். மார்லூஸ் முந்திக்கொண்டாள்.

"எழுதுங்க. நாங்க எல்லாரும் ரொம்ப நல்லவங்கன்னு எழுதித்தானே இந்தக் கதி."

மூன்று வாரத்தில் புதிய கடிதம் வந்தது. வார இறுதித் தங்கல் உண்டு. இரண்டு மதியமும் உண்டு. மார்லூஸ் அதைச் சமையலறையில் நின்றபடி எனக்கு வாசித்துக் காட்டினாள். உறவினர் உதவி என்ற இடத்தில் என் பெயர் இருந்தது, அதற்கு நேரே 'இல்லை' என்று போட்டிருந்தது. உதவி கிடைத்துவிட்டதே என்று சந்தோஷப்பட வேண்டியவள், அந்த ஒரு சொல்லைப் பார்த்துப் பொலபொலவென்று அழுதேன்.

மார்லூஸ் கடிதத்தை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள். "தள்ளி நின்னு அழு, ஹிஸ்கே. இது நனைஞ்சா மறுபடியும் முதல்லேருந்து கேப்பாங்க."